கால் டெசிபெல்

1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கேட்டல் சோதனை நடந்தது. இசையைக் கூர்ந்து கேட்டுப் பழகிய சிலரை உட்கார வைத்து, ஒரே இசையை மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் வழியாக மாற்றி மாற்றி ஒலிக்க விட்டார்கள். மூன்றும் ஹண்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கர் நடத்திவந்த குவாட் நிறுவனத்தில் பிறந்தவை. முதலாவது, 1953-இல் வந்த குவாட் டூ. வால்வில் இயங்குவது, 15 வாட். இரண்டாவது, 1967-இல் வந்த 303. டிரான்சிஸ்டர், 45 வாட். மூன்றாவது, 1975-இல் வந்த 405. 'கரன்ட் டம்பிங்' என்ற புதிய சுற்றமைப்பு, 100 வாட். சோதனையை நடத்தியவர் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் பொறியாளர். முடிவுகள் அந்த ஆண்டு ஜூலையில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியாயின.

வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு என்பது அன்றைய இசை ரசிகர்களின் உறுதியான நம்பிக்கை. இன்றைக்கும் அந்த நம்பிக்கை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. சோதனை சொன்னது வேறு. எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டபோது, குத்துமதிப்பாகச் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அந்த அளவைத் தாண்டி அவர்களால் மூன்றையும் பிரித்தறிய முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு 'எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றுதான், கிடைப்பதை வாங்கு' என்று முடிவுகட்டுவது அவசரம். அந்த மூன்றும் சிறந்த பொறியாளர்கள் கையில் உருவானவை. ஒலியளவு சமமாக்கப்பட்டிருந்தது. எதையும் அதன் சக்திக்கு மீறி ஓட்டவில்லை. இந்த நிபந்தனைகளில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு கடையில் நின்று இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்டுப் பார்க்கும்போது இவற்றில் ஒன்றுகூட நிறைவேறுவதில்லை. அங்கே நாம் கேட்கும் வித்தியாசம் உண்மையில் எங்கிருந்து வருகிறது, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் நிலைக்கப்போகிற வித்தியாசம் எது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஆம்ப்ளிஃபயரின் கடமை எளியது. சிடி பிளேயரிலிருந்து அதிகபட்சம் 2 வோல்ட் அளவுக்கு ஒரு மின்சமிக்ஞை வருகிறது. அதில் மின்னோட்டம் மிக அற்பம். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கப் போதாது. அந்தச் சமிக்ஞையின் வடிவத்தைத் துளியும் மாற்றாமல், கூம்பைத் தள்ளி இழுக்கும் அளவுக்கு வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். நேரான ஒரு கம்பி, அதோடு கொஞ்சம் பெருக்கம், வேறெதுவும் சேரக்கூடாது என்பது பீட்டர் வாக்கரின் கொள்கை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பாடகரும் மிருதங்கக்காரரும் ஒலிப்பதிவாளரும் சேர்ந்து முடித்துவைத்த வேலையில் கை வைக்க ஒரு பெட்டிக்கு உரிமை இல்லை.

கொள்கை எளியது என்றாலும் அதை அடைய வழி கிடைத்தது ஒரு படகில். 1927 ஆகஸ்ட் 2 காலையில் ஹரால்டு பிளாக் என்ற இளம் பொறியாளர், நியூ ஜெர்சியிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூயார்க்கிலுள்ள பெல் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் வழிநெடுக ஆம்ப்ளிஃபயர்கள் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சமிக்ஞையைக் கொஞ்சம் திரித்தது. பலவற்றைத் தாண்டி வரும்போது திரிபுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. பல ஆண்டுகள் இதோடு மல்லாடியவருக்குப் படகில் விடை தோன்றியது. வெளியீட்டின் ஒரு சிறு பகுதியைத் திருப்பி உள்ளீட்டோடு எதிராகச் சேர்த்தால், உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள பிழையை ஆம்ப்ளிஃபயரே கண்டு திருத்திக்கொள்ளும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் வரைந்து கையெழுத்துப் போட்டுவைத்தார். எதிர்ப் பின்னூட்டம் என்ற இந்த உத்திக்கு 1928-இல் காப்புரிமை கேட்டார். கைக்கு வந்தது 1937-இல். கிடைத்த பெருக்கத்தை வேண்டுமென்றே வீணடிக்கிற யோசனையாக அது தோன்றியதால் எளிதில் யாரும் நம்பவில்லை.

வீணடித்ததற்குக் கிடைத்த பலன் பெரிது. பின்னூட்டம் இல்லாத நிலையில் ஒரு சுற்று 1 சதவீதம் திரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கத்தில் நூறில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னூட்டத்துக்குச் செலவிட்டால், திரிபும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகி 0.01 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் ஒழுங்கான ஆம்ப்ளிஃபயர் எதுவும் இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதோடு இணைக்கும் ஸ்பீக்கரோ, நல்லதாக இருந்தாலும், கீழ்ச்சுருதிகளை உரக்க ஒலிக்கும்போது 1 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும்.

அப்படியென்றால் கடையில் நம் காதில் விழுந்த வித்தியாசம்? அது பொய்யல்ல. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒலியளவு.

மனிதக் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது கீழ்ச்சுருதிகள் நமக்கு மிகவும் குறைவாகவே கேட்கின்றன. ஒலியளவு கூடக் கூட அவை வேகமாக மேலே வருகின்றன. ஆகவே வால்யூமைச் சற்று ஏற்றினாலே பாட்டு 'நிறைவாக' ஒலிக்கும். இதுவரை புதைந்து கிடந்த தம்புராவும் மூச்சொலியும் மேலே வரும். பாதி டெசிபெல், ஏன், கால் டெசிபெல் கூடுதலை நேருக்கு நேர் ஒப்பிடும்போது, 'இது அதிகச் சத்தம்' என்று மனம் பதிவு செய்வதில்லை. 'இது இன்னும் தெளிவு', 'இதில் உயிர் இருக்கிறது' என்றே பதிவு செய்கிறது. இவ்வளவு சிறிய அளவு தர வித்தியாசமாக வேடம் போடுவதுதான் கேட்டுப் பார்த்து வாங்குவதில் உள்ள பெரிய கண்ணி.

இதோடு வால்யூம் குமிழும் ஏமாற்றும். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் பெருக்கம் வேறு. பழைய கேசட் டெக், டியூனர் காலத்து மரபில் வடிவமைத்த பெட்டிகள், வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே முழு வாட்டையும் கொடுக்கும்படி இருக்கும். அதில் 2 வோல்ட் சிடி பிளேயரைச் செருகினால், குமிழை லேசாகத் திருப்பியதுமே வீடு அதிரும். 'அடேயப்பா, எவ்வளவு பவர்!' என்று தோன்றும். பக்கத்திலிருக்கும் இன்னொன்று பாதி திருப்பிய பிறகுதான் அந்தச் சத்தத்துக்கு வரும். ஆனால் அதன் உண்மையான வாட் இரண்டு மடங்காகக்கூட இருக்கலாம். குமிழ் எங்கே நிற்கிறது என்பது பெருக்கத்தைக் காட்டும், சக்தியைக் காட்டாது.

அடுத்தது கண். ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஹார்மன் நிறுவனத்தில் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லாரும் படிக்க வேண்டியது. ஒரே ஸ்பீக்கர்களைக் கேட்பவர்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டே கேட்டு மதிப்பெண் போட்டார்கள்; இன்னொருமுறை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டுப் போட்டார்கள். பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த, பேர்பெற்றவற்றுக்கு மதிப்பெண் ஏறியது. திரை விழுந்ததும் தரவரிசை மாறிவிட்டது. கேட்டவர்கள் பலரும் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். நிஜமான ஒலி வித்தியாசம் உள்ள ஸ்பீக்கர்களிலேயே கண் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், வித்தியாசம் நூலிழையாக உள்ள ஆம்ப்ளிஃபயர்களில் எவ்வளவு செய்யும்!

இதை மனிதர்களின் அறியாமை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. மூளை ஒலியை மட்டும் தனியே எடுத்துக் கேட்பதே இல்லை. உதட்டசைவு ஓர் எழுத்தையும் ஒலி வேறோர் எழுத்தையும் சொன்னால், நமக்கு மூன்றாவதாக ஓர் எழுத்து கேட்கும் என்பதை மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976-இல் காட்டினார்கள். விஷயம் தெரிந்த பிறகும் அந்த மயக்கம் நீங்குவதில்லை. தடித்த அலுமினிய முகப்பும் சிவந்து ஒளிரும் வால்வும் கேட்கும் அனுபவத்தின் உள்ளே புகுந்துவிடுகின்றன. நாம் விரும்பி அனுமதிப்பதில்லை.

மூன்றாவது தடை நினைவு. ஒலியின் நுண்ணிய சாயல் நம் மனதில் சில நொடிகளே அப்படியே தங்குகிறது. அதன்பின் மிஞ்சுவது அதைப் பற்றி நாம் சொல்லிக்கொண்ட விவரணைதான். ஒன்றைக் கழற்றி, ஒயர்களை மாற்றி, இன்னொன்றைப் பூட்டி, அது சூடாகும் வரை காத்திருந்து கேட்டால், ஒப்பிடுவது ஒலியோடு அல்ல. ஐந்து நிமிடத்துக்கு முன் நமக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தைகளோடு.

இப்போது மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபயர்களுக்கிடையே நிஜமான, அளக்கக்கூடிய, கேட்கவும் கூடிய வித்தியாசங்கள் உண்டு.

இவற்றில் அதிகம் பேசப்படாதது வெளியீட்டுத் தடை. கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்ததும் மாடிவீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிவது நாம் அறிந்தது; வழியில் உள்ள குழாய் குறுகலாக இருந்தால் இழுப்பு கூடும்போதெல்லாம் அழுத்தம் விழும். ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் அப்படி ஒரு தடை இருக்கிறது. ஸ்பீக்கரின் பின்னால் '8 ஓம்' என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதியிலும் 8 ஓம் அல்ல. ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், வேறோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும். ஒழுங்கான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை 0.1 ஓமுக்கும் கீழே. அதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. பின்னூட்டம் குறைவான வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் அது 2 ஓம் இருந்தால் கணக்கு மாறுகிறது. ஸ்பீக்கர் 20 ஓம் காட்டும் சுருதியில் இழப்பு 0.8 டெசிபெல். 4 ஓம் காட்டும் சுருதியில் 3.5 டெசிபெல். இடைவெளி 2.7 டெசிபெல்! ட்ரெபிள் குமிழை யாரோ தொட்டுவிட்ட மாதிரி, யாருக்கும் கேட்கும் வித்தியாசம் இது. வால்வின் 'இதமான ஒலி' என்று ரசிகர்கள் உணர்வதில் கற்பனை மட்டும் இல்லை. இந்த 2 ஓமும் இருக்கிறது. அதே பெட்டியை இன்னொரு ஸ்பீக்கரில் மாட்டினால் இதம் வேறு சுருதிக்கு இடம் மாறிவிடும், அல்லது காணாமலே போய்விடும். யாருடைய மதிப்புரையைப் படித்தாலும் அவர் எந்த ஸ்பீக்கரோடு கேட்டார் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் இந்த அறிவை வைத்து ஒரு பந்தயமே கட்டினார். 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்கள் எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்தாலும், தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைச் சில நாளில் அதைப் போலவே ஒலிக்கச் செய்வேன் என்றார். சாண்டா ஃபேயில் வேலை நடந்தது. அவர் கையாண்ட முறை அழகானது. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, இரண்டின் வெளியீடுகளுக்கு நடுவே ஒரு ஸ்பீக்கரை இணைத்தார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே வோல்டேஜைக் கொடுத்தால் அந்த ஸ்பீக்கரில் அமைதிதான் இருக்கும். கேட்பதெல்லாம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். அந்த மிச்ச ஒலியைக் குறைத்துக் குறைத்து, தன் சுற்றில் மாற்றங்கள் செய்துகொண்டே போனார். கடைசியில் வித்தியாசம் 70 டெசிபெல் கீழே போனது. அதாவது வோல்டேஜில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஆசிரியர்கள் கேட்டுப் பார்த்துவிட்டு, பிரித்தறிய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு அதை எழுதவும் செய்தார்கள். இரு தரப்புக்கும் இதில் பெருமை உண்டு. ஒலியின் 'குணம்' எதுவானாலும் அது மின்சமிக்ஞையில் இருந்தாக வேண்டும், இருந்தால் பிடிக்கலாம், பிடித்தால் நகலெடுக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் இன்னும் பெரிய சோதனை ஒன்றை வெளியிட்டது. இருநூறு டாலர் சொச்சத்துக்குக் கிடைத்த ரிசீவர் முதல் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வரிசையில் இருந்தன. ஒலியளவைச் சமமாக்கி, பெயரை மறைத்துக் கேட்டபோது முடிவு மோயர் கண்டதையே ஒத்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் வித்தியாசங்களில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்களும் நம்பாதவர்களும் கேட்டவர்களில் கலந்திருந்தார்கள். இரு சாராரின் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றே.

வாட் கணக்குக்கு வருவோம். வாங்குபவர் அதிகம் கவலைப்படுவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். 86 டெசிபெல் என்று குறிப்பிட்ட ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் ஒலி கிடைக்கும். நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்கிறீர்கள். அதில் 8 டெசிபெல் போகிறது. ஸ்பீக்கர் இரண்டு, அறைச் சுவர்களும் திருப்பித் தருகின்றன. அதில் 4, 5 டெசிபெல் திரும்ப வருகிறது. ஆக உங்கள் நாற்காலியில் 1 வாட்டுக்கு ஏறக்குறைய 82 டெசிபெல். வீட்டில் நிதானமாகக் கேட்பது சராசரி 75 டெசிபெல் அளவில். அதற்குத் தேவை வெறும் 0.2 வாட்! நூறு வாட் பெட்டி பெரும்பாலான நேரம் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கோடு உட்கார்ந்திருக்கிறது.

இசையில் உச்சங்கள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. மிருதங்கத்தின் ஒரு தொப்பி அடி, சராசரியைவிட 20 டெசிபெல் மேலே பாய முடியும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு சக்தி. 0.2 வாட் அந்த நொடியில் 20 வாட் ஆகிறது. சராசரியை 85 டெசிபெல்லாக உயர்த்தினால், அது ஏறக்குறைய இரண்டு மடங்கு உரப்பாகக் காதுக்குத் தோன்றும். தேவையோ பத்து மடங்கு, உச்சத்துக்கு 200 வாட். 50 வாட்டிலிருந்து 60 வாட்டுக்கு மாறக் கூடுதல் பணம் கொடுப்பதில் ஏன் பயனில்லை என்பதும் இதிலேயே தெரியும்: அந்த உயர்வு ஒரு டெசிபெல்கூட இல்லை. சக்தி போதாவிட்டால், உச்சம் தொடவேண்டிய அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். கிளிப்பிங் என்பது அதுதான். பாடகி மேல் ஸ்தாயியில் நின்று பிடிக்கும்போது குரலில் ஒரு சொரசொரப்பு, தாளக்கட்டு இறுகிப்போன ஓர் உணர்வு. ஆம்ப்ளிஃபயர்களுக்குள் வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியாகச் சொல்பவர்களில் பலர், ஒன்று கிளிப் ஆவதையும் மற்றொன்று ஆகாததையும் சரியாகவே கேட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வாட் எண்ணையே நம்ப முடியாத காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க விளம்பரங்கள் இஷ்டத்துக்கு வாட் சொன்னதால், அந்நாட்டு வணிக ஆணையம் 1974-இல், எந்தத் தடையில், எந்தச் சுருதி எல்லையில், எவ்வளவு திரிபில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் சக்தி என்று சொல்லித்தான் எண்ணைப் போடவேண்டும் என விதி கொண்டுவந்தது. நம் ஊரில் 'பிஎம்பிஓ' என்ற நான்கு எழுத்துகள் ஒரு தலைமுறையையே குழப்பின. கையடக்கமான பெட்டியில் ஆயிரம் வாட் என்று பளபளக்கும் ஸ்டிக்கர். அந்த அளவுக்கு எந்த ஒப்புக்கொண்ட வரையறையும் கிடையாது. உண்மையை அறிய எளிய வழி, பெட்டியின் பின்பக்கத் தகடு. சுவரிலிருந்து எடுப்பது 40 வாட் என்று அங்கே எழுதியிருந்தால், அதற்கு மேல் தொடர்ந்து ஸ்பீக்கருக்குக் கொடுக்க எந்தச் சுற்றாலும் முடியாது.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம் 1978-இல் வந்த நாட் 3020. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. பெட்டியில் எழுதியது வெறும் 20 வாட். விலை குறைவு, பார்க்க எளிமை. ஆனால் இசையின் குறுகிய உச்சங்களுக்கு அதைவிட நன்றாகவே தாண்டிக் கொடுக்கும். ஸ்பீக்கர் 8 ஓமுக்கு வெகுவாகக் கீழே இறங்கினாலும் மின்னோட்டம் கொடுக்கத் திணறாது. எல்லை தாண்டும்போது அலையின் தலையைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல வளைக்கும் ஒரு சுவிட்சும் வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் வைக்கும் 8 ஓம் தடைக்கு அல்ல, மக்கள் வீட்டில் உள்ள ஸ்பீக்கருக்கு வடிவமைத்தவர் அவர். அந்த மனப்பாங்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வகுப்பு ஏ, ஏபி, டி என்ற பேச்சைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். வகுப்பு ஏ-யில் டிரான்சிஸ்டர்கள் எப்போதும் முழு மின்னோட்டத்தில் இருக்கும். பாட்டு இல்லாவிட்டாலும் சூடு. மே மாதச் சென்னையில் மூடிய அறைக்குள் இருநூறு வாட் சூடேற்றி ஒன்றை வைப்பது யோசிக்க வேண்டிய காரியம். ஏபி-யில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அலையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பகிர்ந்துகொள்கின்றன. கைமாறும் இடத்தில் வரும் திரிபைப் பின்னூட்டம் அடக்குகிறது. டி வகுப்பு, டிரான்சிஸ்டரை நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, சராசரியில் அலையை உருவாக்குகிறது. எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது. தொடக்க கால டி வகுப்பில் குறைகள் இருந்தன. புரூனோ புட்ஸீஸ் போன்றவர்கள் இந்த நூற்றாண்டில் செய்த வேலைக்குப் பிறகு அந்தக் காரணத்தைச் சொல்லி ஒதுக்க இடமில்லை.

மின்சாரமும் கணக்கில் வரும். பெரும்பாலான வழக்கமான ட்ரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயர்களின் உள் வோல்டேஜ், சுவர் வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மாலை நேரத்தில் 230 வோல்ட் பத்து சதவீதம் விழுந்தால் கிடைக்கும் அதிகபட்ச சக்தி ஏறக்குறைய 19 சதவீதம் விழுகிறது. கணக்கில் ஒரு டெசிபெல்தான். விளிம்பில் ஓடும் சிறிய பெட்டி கிளிப் ஆக அது போதும்.

இனி கேட்டுப் பார்க்கும் முறை. கடையின் ஸ்பீக்கரும் கடையின் அறையும் உங்களுடையவை அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் வீட்டுக்குக் கொடுக்கும் கடைக்காரர் இருந்தால் அவரை விடாதீர்கள். வீட்டில் முதல் வேலை, ஒலியளவைச் சமமாக்குவது. காதால் முடியாது, கைபேசிச் செயலியும் போதாது. மல்டிமீட்டர் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்டேஜை அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர்கள் உயர்ந்த சுருதிகளில் தவறாகக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் நம்பலாம். ஒன்று 2.00 வோல்ட் காட்டினால் மற்றதையும் 2.00-க்குக் கொண்டுவர வேண்டும். 2.02 ஆனால் வித்தியாசம் 0.09 டெசிபெல், அதுவரை பரவாயில்லை. இடது வலது இரண்டையும் தனித்தனியே அளப்பது அவசியம். மலிவான வால்யூம் குமிழ்களில், முக்கியமாகத் தொடக்கக் கால் சுற்றில், இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறுவதில்லை. பாடகர் நடுவிலிருந்து ஒருபக்கம் நகர்ந்து நிற்பார். இந்தக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

மாற்றும் சுவிட்ச் ஒன்று தேவை. ஒன்றை விட்ட பிறகே அடுத்ததைத் தொடுவதாகவும், ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் சேர்த்து மாற்றுவதாகவும் அது இருக்க வேண்டும். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடுகள் ஒரு கணம் தொட்டுக்கொண்டாலும் ஒன்றோ இரண்டுமோ எரிந்துபோகலாம். டி வகுப்புப் பெட்டிகள் பலவற்றில் கறுப்பு முனையிலும் சமிக்ஞை உண்டு. அதை எர்த் என்று நினைத்துப் பொதுவாக இணைக்கக் கூடாது. கார்வர் செய்ததை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பிறகு வீட்டிலோ நண்பர்களிலோ ஒருவரை உட்கார வைத்து, நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி ஏதாவது ஒன்றை ஓடவிடச் சொல்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியக்கூடாது. பதினாறு முறை. எது ஒலிக்கிறது என்று பன்னிரண்டு முறையோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நடந்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்போது வித்தியாசம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு ஒன்பது சரி என்றால் அது நாணயத்தின் வேலை.

கேட்கும் இசையும் முக்கியம். தம்புராவின் மீட்டலில் மேற்சுரங்கள் அடுக்கடுக்காக நிற்கும். அது தேயும்போது பின்னணி இரைச்சல் எங்கே தலைகாட்டுகிறது என்று கவனிக்கலாம். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் வயலின் கூட்டங்களில் திரிபு இருந்தால் தந்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த நல்ல பதிவு ஒன்று, நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவைவிடச் சற்று உரக்க ஓடினால், சக்தி போதுமா என்ற கேள்விக்கு விடை தந்துவிடும். பாட்டே இல்லாமலும் ஒருமுறை கேளுங்கள்: வால்யூம் பாதியில், ஸ்பீக்கரில் காதை வைத்து. 'ம்ம்' என்ற 50, 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், பெட்டியின் குறையா, வீட்டு எர்த்திங் குறையா என்று வேறொரு பிளக் முனையில் வைத்துப் பார்ப்பது நல்லது.

வித்தியாசம் தெரிந்தால் பிடித்ததை வாங்க வேண்டியதுதான். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வால்வின் வளைவு உங்கள் ஸ்பீக்கரோடு சேர்ந்து பழைய எம்.கே.டி. பதிவுகளுக்கு இதமாக இருக்கிறதென்றால் அது போதுமான காரணம். ஸ்பீக்கரை மாற்றினால் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவே. தெரியவில்லை என்றால் மற்றவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எல்பி கேட்பவராக இருந்தால் ஃபோனோ உள்ளீடு இருக்கிறதா, இரவில் மெல்லக் கேட்பவராக இருந்தால் குமிழ் தாழ்ந்த அளவில் சீராக ஏறுகிறதா, கடலோர ஊர் என்றால் முனைகள் பூத்துப்போகாத முலாம் பூசியவையா, உங்கள் ஊரில் பழுதுபார்க்க ஆளும் உதிரிபாகமும் உண்டா.

மிஞ்சும் பணத்தை ஸ்பீக்கருக்கும் அறைக்கும் கொடுங்கள். நான்கு மீட்டர் நீள அறை ஒன்று 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். அந்தச் சுருதியில் நாற்காலி இருக்கும் இடத்தைப் பொறுத்து 10 டெசிபெல் ஏறவோ இறங்கவோ கூடும். எந்த ஆம்ப்ளிஃபயரை மாற்றினாலும் அது தீராது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னுக்கு இழுத்துப் போட்டால் பாதி தீரும்.